கிணற்று நீரின் கணக்கு

கடலோர நிலத்தடியில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1. கடல்நீரினது ஏறத்தாழ 1.025. ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரம் நிற்கும் நன்னீர், கீழே 40 மீட்டர் ஆழம்வரை உவர்நீரை அழுத்தி வைக்கும். இறைத்து இறைத்து அரை மீட்டர் இறங்கினால், நாளடைவில் உவர்நீர் 20 மீட்டர் மேலேறிவிடும்!

இறைப்பவர் கணக்கில் வருவது பம்பும் மின்சாரமும்தான். பக்கத்துக் கிணறு உப்பாவதை அவர் கணக்கில் எழுதுவதில்லை. இதுவே புறச்செலவு. இதை அளப்பது நீர்வளப் பொருளாதாரத்தின் முதல் வேலை. கல்லூரியில் இதைப் படிக்க விரும்புவோர் கணிதத்தை விட்டுவிடாதீர்கள்.

கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸ் அருகிலுள்ள மேற்குப் படுகையில் கிணறுகள் இப்படித்தான் உப்பாயின. 1945இல் வழக்குத் தொடுத்தனர். ஆனால் தீர்வு, வழக்காடியோரே கூடிப் பேசி இறைப்பைக் குறைத்துக்கொண்டதில் பிறந்தது. கடலோரமாகக் கிணறுகளை வரிசையாகத் தோண்டி, நன்னீரை உட்செலுத்தி உவர்நீரைத் தடுத்தனர். இதை ஆராய்ந்து 1965இல் முனைவர் பட்டம் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணியானார். அவர் படித்ததோ அரசியல் அறிவியல்!

கடல்நீரின் அடர்த்தி 1.020 எனில், மேலே கண்ட 40 எவ்வளவாகும்? போட்டுப் பாருங்கள்.