அல்பீரூனியின் கையில் தொலைநோக்கியா?

தரம் 10இல் இஸ்லாம் பாடத்துக்கு ஓர் ஒப்படை செய்தேன். வானியலுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்பு என்பது தலைப்பு. முன்னட்டையில் ஒரு வர்ணப் படம் ஒட்டியிருந்தேன். தலைப்பாகை அணிந்த பெரியார் ஒருவர் நீண்ட தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே 'அல்பீரூனி, 11ஆம் நூற்றாண்டு' என்று என் கையாலேயே அழகாக எழுதியிருந்தேன். டீச்சர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மகள், இவருக்குத் தொலைநோக்கி கொடுத்தது யார்?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். தொலைநோக்கி ஒல்லாந்தில் அறிமுகமானது 1608இல். அல்பீரூனி பிறந்தது 973இல். மறைந்தது 1050ஆம் ஆண்டளவில். இடையில் ஐந்நூறு வருடங்களுக்கு மேல்! புள்ளியை அவர் குறைக்கவில்லை. ஆனாலும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம்மவர்களின் அறிவைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப் போய், நடக்காத ஒன்றைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்த அட்டையைப் பார்க்கும் ஒருவர் உள்ளே இருக்கும் உண்மைகளையும் சேர்த்தல்லவா சந்தேகிப்பார்?

அந்தப் படம் எங்கிருந்து வந்தது? கூகுளில் தேடியபோது முதலில் வந்ததை எடுத்தேன், அவ்வளவுதான். இப்படிப்பட்ட படங்கள் ஏராளம். உல்லாசப் பயணிகளுக்கு விற்பதற்காக இஸ்தான்புல் போன்ற நகரங்களில் இக்காலத்தில் வரையப்படும் ஓவியங்கள், பழைய காலத்துப் படங்கள் போல இணையமெங்கும் சுற்றுகின்றன. சில ஓவியங்கள் பழைய நூல்களின் ஏடுகளிலேயே தீட்டப்படுவதால் பார்த்தவுடன் நம்பிவிடுவோம். உண்மையான பழைய ஓவியமும் உண்டு. 1577இல் இஸ்தான்புல்லில் தகியுத்தீன் அமைத்த வானாய்வு நிலையத்தை அக்காலத்திலேயே ஒருவர் வரைந்திருக்கிறார். அதில் பூகோள உருண்டை இருக்கிறது, மணிக்கூடு இருக்கிறது, அறிஞர்கள் கையில் அஸ்தர்லாப் இருக்கிறது. தொலைநோக்கி மட்டும் இல்லை.

அஸ்தர்லாப் என்பது வளையத்தில் தொங்கவிட்டுப் பிடிக்கும் ஒரு பித்தளைத் தட்டு. சூரியனின் அல்லது ஒரு நட்சத்திரத்தின் உயரத்தை அதனால் அளந்து, முன்புறமுள்ள நட்சத்திரப் பின்னலைச் சுழற்றினால் நேரம் தெரியும். தொழுகை நேரத்தைக் கணிக்கவும் அது உதவியது. அட்டைக்கு இதன் படத்தையே எடுப்போம் என்று முடிவு செய்து, இம்முறை கூகுள் படங்களை விட்டுவிட்டு நேராக நியூயோர்க்கில் உள்ள மெட்ரோபொலிட்டன் கலை நூதனசாலையின் இணையத்தளத்துக்குப் போனேன்.

அங்கே 'கலெக்ஷன்' என்ற பகுதியில் ஆங்கிலத்தில் 'அஸ்ட்ரோலேப்' என்று தட்டச்சு செய்ய வேண்டும். 'ஓபன் அக்ஸஸ்' என்ற தெரிவை அழுத்தினால், யாரும் தாராளமாகப் பயன்படுத்தக்கூடிய படங்கள் மாத்திரம் வரும். 2017 பெப்ரவரியில் அந்த நூதனசாலை இப்படி மூன்றே முக்கால் இலட்சம் படங்களைத் திறந்துவிட்டது. அரபுப் பெயர்களைத் தேடும்போது பொறுமை வேண்டும். ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். ஆளின் பெயரை விட, பொருளின் பெயரையும் நாட்டின் பெயரையும் சேர்த்துத் தேடுவது இலகு.

எனக்குக் கிடைத்தது யெமனில் ஹிஜ்ரி 690இல், அதாவது கி.பி. 1291இல் செய்யப்பட்ட அஸ்தர்லாப். செய்தவர் உமர் இப்னு யூசுஃப். ரசூலித் அரச குடும்பத்து இளவரசர். பின்னர் சுல்தானாகவும் ஆனவர். அஸ்தர்லாப் செய்யும் முறை பற்றி அவர் எழுதிய நூலும், அவர் செய்த கருவிகளைப் பரிசோதித்து ஆசிரியர்கள் கொடுத்த இஜாஸாவும் இன்றும் இருக்கின்றன. இளவரசர் என்றாலும் சோதனை சோதனைதான் போலும்! கற்பனைத் தொலைநோக்கியை விட இது எவ்வளவு பெரிய சான்று!

தங்கைமார் கவனிக்க வேண்டியது, படத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஓடிவரக் கூடாது. அதே பக்கத்தில் உள்ள விபரங்களையும் அப்போதே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது, எனக்கு அனுபவம். நான் படத்தின் கீழ் எழுதியது இதுதான்:

அஸ்தர்லாப். உமர் இப்னு யூசுஃப், யெமன், ஹிஜ்ரி 690 / கி.பி. 1291. மெட்ரோபொலிட்டன் கலை நூதனசாலை, நியூயோர்க். பொருள் இலக்கம் 91.1.535.

அந்த இலக்கத்தை யார் தட்டச்சு செய்தாலும் அதே பொருளுக்குப் போய்ச் சேரலாம். முதலில் உள்ள 91, அது நூதனசாலைக்கு வந்த 1891ஆம் ஆண்டைக் குறிக்கிறது.

எல்லா நூதனசாலைகளும் ஒரே மாதிரி அனுமதி தருவதில்லை. இலங்கையிலிருந்து போய் 1830 முதல் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கும் தாரா சிலையின் படத்தை வரலாற்று ஒப்படைக்கு எடுக்கலாம். ஆனால் நூதனசாலையின் பெயரைக் குறிப்பிட வேண்டும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர்களின் நிபந்தனை. ஒல்லாந்தர் காலம் பற்றி எழுதுபவர்கள் அம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் நூதனசாலையில் தேடிப் பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கைத்தொலைபேசியோடு இருந்தால் விளையாடுகிறாள் என்றே நினைக்காதீர்கள். பக்கத்தில் வந்து அமருங்கள். நூதனசாலைப் படம் பெரியது, டேட்டா கொஞ்சம் போகும்தான். ஆனால் திரையைப் படம்பிடித்து ஒட்டினால் அச்சில் மங்கிவிடும். முழுப் படத்தை இறக்கினால் எழுத்துகள்கூடத் தெளிவாகத் தெரியும்.

அன்றிரவு வாப்பாவும் நானும் அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தோம். அஸ்தர்லாப்களில் எண்களுக்குப் பதிலாக அரபு எழுத்துகளைப் பொறிப்பது வழக்கம்: அலிஃப் என்றால் 1, பா என்றால் 2, ஜீம் என்றால் 3. வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓதப் பழகும் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார்.