சாலிப்புழையில் முதல் நாள்: கயாக் பழகும் தங்கைக்கு



கோடை முழுக்க நீச்சல் குளத்தில் கயாக்கைக் கவிழ்த்து நிமிர்த்திப் பழகியதாகவும், கேரளத்துக் கோடஞ்சேரியில் மழை பிடித்துவிட்டதால் இந்த வாரமே சாலிப்புழையில் இறங்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. 2013 முதல் மலபார் நதித் திருவிழா நடக்கிற ஆறு அது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து மோதுகிற, அந்த ஆற்றின் புலிக்கயத்தில், கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி ‘ரேபிட் ராணி’ பட்டத்துக்குத் துடுப்புப் போடுவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். அதனால்தான் பருவத்தின் முதல் நாளைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

முதல் நாள் ஆற்றைப் பார்ப்பதற்கான நாள். ஓட்டுவது அதற்குப் பிறகுதான். போன வருடம் நீ போன வழி இந்த வருடமும் அப்படியே இருக்கும் என்று நம்பாதே. ஒவ்வொரு வெள்ளமும் பாறையை உருட்டும், கரையை அரிக்கும், மரத்தைச் சாய்க்கும். இவற்றில் நான் அதிகம் பயப்படுவது மரத்துக்குத்தான். ஆற்றின் குறுக்கே விழுந்த மரத்தின் கிளைகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து போய்விடும். ஆள் போக முடியாது. பின்னால் வருகிற தண்ணீர் மொத்தமும் உன்னை அந்தக் கிளைகளோடு வைத்து அழுத்தும். ஆகவே படகை இறக்கும் முன், இறங்கும் இடத்திலிருந்து கரையேறும் இடம் வரை ஓரமாக நடந்து பார்த்துவிடு. பார்க்க முடியாத வளைவு வந்தால், அதற்கு முன்பே கரை ஒதுங்கி, இறங்கிப் போய்ப் பார்.

தண்ணீரைப் படிக்கக் கற்றுக்கொள். முனை கீழ்ப்போக்கில் இருக்கும்படி வழவழப்பான முக்கோணம் தெரிந்தால் அது வழி. முனை உன்னைப் பார்த்திருந்தால் அடியில் பாறை. பெரிய பாறையின் பின்னால் தண்ணீர் எதிர்த்திசையில் திரும்பி அடங்கி நிற்குமே, அந்த எடிதான் உன் ஓய்விடம். முதல் நாளில் ஒரு எடியிலிருந்து அடுத்த எடி என்று மட்டும் இறங்கு. ஒவ்வொன்றிலும் நின்று, மூச்சு வாங்கி, அடுத்ததைப் பார்த்த பிறகு கிளம்பு.

தடுப்பணையைக் கண்டால் யோசிக்கவே வேண்டாம். கயாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை வழியே சுற்றிப் போ. இயற்கையான பாறை விளிம்பு பெரும்பாலும் எங்காவது ஓர் ஓரத்தில் உடைந்திருக்கும், அந்த வழியே தண்ணீர் ஆளை வெளியே தள்ளிவிடும். தடுப்பணை கரைக்குக் கரை ஒரே மட்டம். அதன் அடியில் உருள்கிற தண்ணீர், விழுந்ததை விடாமல் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். இடுப்பளவு உயரம்தானே என்று ஏமாந்துவிடாதே.

அடுத்தது மழை. நீ நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே காட்டுக்குள் கொட்டிக்கொண்டிருக்கலாம். செங்குத்தான மலை, குறுகிய ஆறு. அங்கே பெய்தது இங்கே வர அதிக நேரம் ஆகாது. பக்கத்து இருவஞ்ஞிப்புழையில், பதங்கயத்தில் குளிக்கப் போனவர்களைத் திடீர் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலை இதே மலைகளின் வயநாட்டுப் பக்கம் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நிலம் சரிந்தபோது, இறந்தவர்களில் பலருடைய உடல்கள் நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில்தான் கிடைத்தன. உன் சாலிப்புழையும் இருவஞ்ஞியோடு சேர்ந்து கடைசியில் அந்தச் சாலியாற்றுக்குத்தான் போகிறது.

ஆற்றங்கரைக்குப் போனவுடன் தண்ணீர் தொடுகிற விளிம்பில் ஒரு கல்லை வை. லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்கி, ஹெல்மெட் மாட்டி, படகுக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஸ்கர்ட்டைப் படகின் விளிம்பில் இழுத்துப் பொருத்தும் முன் அந்தக் கல்லை ஒரு தடவை பார். கல் முங்கியிருந்தாலோ, தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ அன்றைக்கு இறங்காதே. நடு ஆற்றில் இந்த அறிகுறி தெரிந்தால் உடனே கரையேறு. இவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்துவிட்டோமே என்ற எண்ணம் நல்ல ஓட்டக்காரர்களையும் தப்பாக முடிவெடுக்க வைக்கும்.

மொட்டை மாடி வெயிலில் கிடந்த கயாக்கின் பிளாஸ்டிக்கில் விரிசல் இருக்கிறதா, ஸ்கர்ட்டின் ரப்பர் இற்றுப்போயிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடு. ஸ்கர்ட்டின் இழுப்பு வளையம் வெளியே இருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பார். அது உள்ளே மடிந்துபோனால் கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வருவது கஷ்டம். குளத்தில் உனக்கு நன்றாக வந்த, கவிழ்ந்து நிமிரும் உருட்டல், நுரை பொங்கும் தண்ணீரில் முதல் தடவையே வரும் என்று எதிர்பார்க்காதே. வராவிட்டால் முன்னால் குனிந்து வளையத்தை இழுத்து வெளியேறு. வெளியே வந்ததும் மல்லாந்து, கால்களைக் கீழ்ப்போக்கில் நீட்டி மேலே தூக்கி வைத்துக்கொண்டு மித. வேகமான தண்ணீரில் காலை ஊன்றி எழுந்து நிற்க முயலவே கூடாது. பாதம் பாறை இடுக்கில் மாட்டினால் தண்ணீர் உன்னை முன்னால் மடக்கித் தலையை முக்கிவிடும். கரையிலிருந்து கயிறு வீசினால் கயிற்றை மார்போடு பிடி, கையில் சுற்றிக்கொள்ளாதே.

ஹெல்மெட்டில் கேமரா மாட்டுவதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள். படம் எடுக்கிறோம் என்கிற நினைப்பு வந்துவிட்டால், ஓரமாகப் போக வேண்டிய இடத்திலும் நடுவில் போகத் தோன்றும்.

மூன்று பேருக்குக் குறைவாக இறங்காதே. அவர்களில் ஒருவருக்காவது அந்த ஆறு பழக்கமாக இருக்க வேண்டும். அங்கே மீன் பிடிக்கிறவர்களிடமும், கரையோர வீட்டு அம்மாக்களிடமும் நேற்று ராத்திரி தண்ணீர் எங்கே வரை வந்தது என்று கேள். கேரளத்து மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் உண்டு. அதனால் காலில் கையில் காயம் இருந்தால் ஆறும் வரை இறங்காதே. திரும்பி வந்த பிறகு, சில வாரம் கழித்தேயானாலும், காய்ச்சல் வந்தால் ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்.

வீடு வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அண்ணன்