கோடைக்காலத்தில் குடும்பப் பரிபாலனம்



சித்திரை பிறந்ததும் வானிலை அறிக்கையில் கரூர் பரமத்தி, வேலூர், திருத்தணி, திருச்சி, மதுரை என்ற பெயர்கள் தினந்தோறும் அடிபடத் தொடங்கும். 40 டிகிரியைத் தாண்டும் ஊர்கள் இவை. கடலோரத்தில் வசிக்கிறவர்களுக்குப் பிற்பகலில் கடற்காற்றாவது உண்டு. உள்நாட்டாராகிய நமக்கு அதுவும் இல்லை. பஞ்சாங்கத்தில் சொல்லும் கத்திரி மே 4-ந் தேதி வாக்கில் தொடங்கி 28-ந் தேதி வாக்கில் முடியும். ஆனால் வெயில் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. பங்குனியிலேயே தலையைக் காட்டிவிடுகிறது.

இக்காலத்தில் குடும்பத் தலைவிக்கு இரண்டு கவலைகள். ஒன்று வீட்டாருடைய தேக சுகம், மற்றொன்று கைப்பணம். பணம் செலவழித்தால்தான் குளிர்ச்சி கிடைக்கும் என்று எண்ணுகிறவர்கள் அநேகர். நான் அப்படி எண்ணவில்லை. கோடையில் உயிரைக் காப்பாற்றுகிற காரியங்களில் பெரும்பாலானவை மலிவானவை. அவற்றை வேளையறிந்து செய்வதுதான் அருமை.

முதலாவது வீட்டைப் பற்றி. ஏப்ரல் 18-ந் தேதி வாக்கில் திருச்சிக்கு நேர் உச்சியில் சூரியன் வருகிறது. சென்னைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து. ஆகவே இந்த மாதங்களில் நடுப்பகல் வெயில் சுவரில் படுவதைவிட கூரையின்மேல்தான் கொட்டுகிறது. இரவு பத்து மணிக்கு விசிறியைப் போட்டால் மேலிருந்து அனல் இறங்குகிறதே, அது பகலெல்லாம் காங்கிரீட் தளம் வாங்கி வைத்த சூடு. இதற்குச் சிக்கனமான பரிகாரம் வெள்ளைச் சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து, தளத்தைப் பெருக்கிக் கழுவியபின் இரண்டு கை பூசினால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். சுண்ணாம்பு நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்தாகும். குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். மாலையில் மொட்டைமாடியில் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கிற தெருவில் அது தகாது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

கிழக்கு ஜன்னலைக் காலையிலும், மேற்கு ஜன்னலை உச்சிக்குப் பிறகும் அடைத்து வையுங்கள். உள்ளே தொங்கும் திரையைவிட வெளியே கட்டும் தென்னங்கீற்றுத் தட்டி மேலானது. சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வருமுன்பே அது தடுத்துவிடும். வெளிக்காற்று குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடலாம்.

அடுத்தது பானை. மண்பானையைப் பழங்காலத்துப் பொருள் என்று ஒதுக்கியவர்கள் இப்போது மறுபடியும் வாங்குகிறார்கள், சந்தோஷம். ஆனால் அதை வைக்கும் விதம் தெரியவேண்டும். பானையின் நுண்ணிய துவாரங்கள் வழியாய்க் கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி உஷ்ணம் வேண்டும். அதைப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பத்து லிட்டர் பானையிலிருந்து 100 கிராம் மாத்திரம் ஆவியானாலும், கணக்குப்படி மீதித் தண்ணீர் ஏறக்குறைய 6 டிகிரி குளிரவேண்டும். வெளியிலிருந்தும் சூடு வருவதால் முழுக்கணக்கும் கைக்கு வராது. எனினும் வறண்ட காற்றில் நல்ல பலன் உண்டு. கடலோர ஊர்களில் காற்றே ஈரமாயிருப்பதால் பலன் குறைவு. ஆகவே பானையைச் சமையலறை மூலையில் ஒளித்து வைக்காமல், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் ஈரமணல்மேல் வையுங்கள். அழகுக்காகப் பெயிண்ட் அடித்த பானை குளிராது, துவாரம் அடைபட்டுப்போகும். நாளடைவில் உப்புப் படிந்தாலும் அப்படித்தான். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் சரியாகும்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளி இருந்தால், ஒரு பெரிய பானைக்குள் சிறிய கலயத்தை வைத்து, இரண்டுக்கும் நடுவில் ஈரமணலை நிரப்பி, மருந்துப் புட்டியை நனையாதபடி கலயத்துக்குள் மூடி வைப்பது நல்ல ஏற்பாடு.

குடிதண்ணீர் குறையும்போது அதன் சுத்தமும் குறைகிறது. ஊருணித் தண்ணீர் குடிக்கிற கிராமங்களில் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளிய வைப்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் தெளிந்த நீர் வேறு, சுத்தமான நீர் வேறு. மண் அடியில் படிந்தாலும் நோய்க் கிருமிகள் தப்பியிருக்கும். தெளிந்தபின் கொதிக்க வைத்து ஆற்றுவதே பத்திரம். பானைக்குள் கையோடு டம்ளரை முக்கி எடுப்பதை விட்டு, நீண்ட காம்புள்ள அகப்பை ஒன்றைத் தனியாய் வையுங்கள். தெருவில் விற்கும் குளிர்பானத்தில் போடும் ஐஸ் மீனுக்கென்று செய்ததா, குடிப்பதற்கென்று செய்ததா என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகளுக்கு அதை வாங்கித் தராதிருப்பது உத்தமம்.

கோடையில் வயிற்றுப்போக்கு கண்டால் உடனே கவனிக்கவேண்டும். 1971-ல் வங்காள தேசத்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்திறங்கியபோது, பொன்காவ் என்ற எல்லையூரில் காலரா பரவிற்று. ஊசிமூலம் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்பவர் உப்பும் குளுக்கோஸும் அளவாய்க் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, உறவினர்களைக்கொண்டே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதுபேர் வரையில் மாண்டுகொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. அதே மருந்துதான் இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாய் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாய்க் கிடைக்கிறது. ஒரு லிட்டர் பொட்டலத்தைச் சரியாய் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் உபயோகித்துவிட வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாய் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டினால் குழந்தைக்குத் தீங்கு.

ஆரோக்கியமாயிருப்பவர்களுக்கு நீராகாரம், உப்பிட்ட மோர், கம்பங்கூழ், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு இவையே போதும். கிடைக்கிற ஊரில் பதநீர். புட்டியில் அடைத்த இனிப்புப் பானங்கள் தாகத்தைத் தீர்ப்பதைவிடச் சட்டைப்பையைத் தீர்ப்பதே அதிகம். நீரிழிவுக்காரர் நன்னாரி சர்பத்தையும், சிறுநீரக வியாதியுள்ளவர் இளநீரையும் வைத்தியரைக் கேளாமல் தொடவேண்டாம். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் ஒன்றே போதும். தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ சங்கில் புகட்டக்கூடாது. பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் இதைச் சொல்லவே வேண்டும். தாய்தான் அதிகமாய்த் தண்ணீர் குடிக்கவேண்டும்.

இங்கே நம் முதியோர்களுக்கு ஒரு வார்த்தை. காலைப் பூசைக்கு வருகிற சில பாட்டிமார் நன்மை வாங்கவேண்டும் என்ற எண்ணத்தால் இரவு முதல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறார்கள். அவர்கள் இளமையில் சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆனால் 1953-ம் வருடத்திலேயே பாப்பு 12-ம் பத்திநாதர், சுத்தத் தண்ணீர் நன்மை உபவாசத்தை முறிக்காது என்று அறிவித்துவிட்டார். 1964 முதல் உபவாசமே ஒரு மணி நேரந்தான். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அதுவுங்கூடக் கட்டாயமில்லை. ஆகையால் தாராளமாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சியே குறைந்துபோகும். ‘தாகமில்லை’ என்று அவர்கள் சொல்வதை நம்பி விட்டுவிடாமல், மணிக்கொருதரம் பேரப்பிள்ளைகள் கையில் டம்ளரைக் கொடுத்து அனுப்புங்கள். இருதயம் அல்லது சிறுநீரகக் கோளாறினால் தண்ணீரை அளந்து குடிப்பவர்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கோடை தொடங்குமுன்பே வைத்தியரிடம் அளவைக் கேட்டு வைக்கவேண்டும். மாத்திரையைத் தாமாகவே நிறுத்தக்கூடாது.

வெயில் கொல்லும் என்பதை நம்மில் பலர் இன்னும் நம்புகிறதில்லை. 2010-ம் வருடம் மே மாதத்தில் ஆமதாபாத்தில் உஷ்ணம் 46.8 டிகிரிக்கு ஏறியது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,300-க்கு மேற்பட்டவர்கள் கூடுதலாய் இறந்தார்கள். அதன்பின் 2013-ல் அந்நகரம் வெப்பகாலத்துக்கென்று ஒரு திட்டம் வகுத்தது. நம் தமிழ்நாட்டரசும் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

மயக்கம், தலைவலி, கால்பிடிப்பு, அதிக வியர்வை இவை முதல் எச்சரிக்கைகள். நிழலில் படுக்கவைத்து, உடுப்பைத் தளர்த்தி, உப்பிட்ட மோர் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் ஆள் உளறினாலும், நடை தள்ளாடினாலும், வலிப்பு வந்தாலும், நினைவு தப்பினாலும் அது வெப்ப அதிர்ச்சி. தேக உஷ்ணம் 40 டிகிரிக்கு, அதாவது 104 பாரன்ஹீட்டுக்கு, மேலே போயிருக்கும். வயலிலோ கட்டட வேலையிலோ விழுந்தவருக்கு வியர்வை இருந்துகொண்டே இருக்கலாம். ‘வேர்க்கிறதே, பயமில்லை’ என்று எண்ணிவிடாதீர்கள். உடனே 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வருமட்டும் சும்மா நிற்காமல், தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றி, விடாமல் விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் ஈரத்துணி வையுங்கள். இந்தச் சமயத்தில் தண்ணீர்ச் சிக்கனம் பார்க்கவே கூடாது. எத்தனை குடமானாலும் ஊற்றலாம். நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பலிக்காது. அது கிருமியால் வரும் காய்ச்சலுக்கு உரியது.

மின்விசிறியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். காற்றே 40 டிகிரிக்கு மேல் சூடாயிருக்கும்போது, வறண்ட தேகத்தின்மேல் அதை வீசச்செய்வது உடலைச் சூடாக்குவதாகும். ஈரத்துண்டால் மேலைத் துடைத்துக்கொண்டு விசிறியின்கீழ் உட்கார்ந்தால்தான் பிரயோஜனம். இதற்காகவே, வீட்டில் கிழவர் தனியாய் இருக்கும் பகற்பொழுதில் அண்டை வீட்டார் ஒருவர் இரண்டு தரம் எட்டிப் பார்த்து வருவது பெரிய உதவி.

மின்சாரக் கணக்கு சற்றுச் சூட்சுமமானது. 75 வாட் விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். புதுவிதமான 30 வாட் விசிறிக்கு 22 யூனிட்டுக்கும் குறைவு. 2022 செப்டம்பரில் திருத்திய விகிதப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு ரூ. 1,725, ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் ரூ. 1,958. ஒரு யூனிட்டுக்கு ரூ. 233! விகிதங்கள் அதன்பின் மாறினாலும் பாடம் ஒன்றே: கணக்கெடுப்பவர் வருகிற தேதியை நினைவில் வைத்து, ஐந்தாறு நாள் முன்னதாகவே மீட்டரைப் பாருங்கள். குளிர்சாதனம் உள்ளவர்கள் அதை 18-ல் வைக்காமல் 26-ல் வைத்து, விசிறியையும் மெதுவாய் ஓடவிட்டால் போதுமானது.

தண்ணீரிலும் அப்படியே. விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகுகிற குழாய் நாளொன்றுக்கு நாலு லிட்டருக்கு மேல் வீணாக்கும். மாதத்துக்கு எட்டு ஒன்பது குடம். ஒரு வாஷர் மாற்றினால் முடிகிற காரியம். அரிசி கழுவிய நீர் கறிவேப்பிலைக்கு, துணி அலசிய நீர் கக்கூசுக்கு. நம் தாய்மார் அறியாததை நான் சொல்லவில்லை.

பள்ளி விடுமுறையில் என் மனத்தை அதிகம் உறுத்துவது கிணறும் கல்குவாரிப் பள்ளமும். குவாரிக் குழியின் ஆழம் மேலிருந்து தெரியாது, ஏறிவரப் படியும் கிடையாது. ஒரு பிள்ளை மூழ்கினால் காப்பாற்றப் போன அண்ணனும் சேர்ந்து மூழ்குவதே இத்தகைய இடங்களில் நடக்கிறது. பெரியவர் துணையின்றிக் குளிக்கப் போகக்கூடாது என்று கண்டிப்பாய்ச் சொல்லிவையுங்கள். அதோடு, தண்ணீரில் தத்தளிக்கிறவனைக் கண்டால் குதிக்காமல், கூச்சலிட்டு ஆட்களைக் கூப்பிட்டு, சேலை, கயிறு, மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கேன் இவற்றில் எது கைக்கு அகப்பட்டாலும் அதை எறியும்படி பழக்குங்கள்.

கடைசியாக, மழைநீர்த் தொட்டி. 2003-ல் தமிழ்நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டபோது எல்லாரும் கட்டினோம். இன்று பல வீடுகளில் அது சருகும் குப்பையும் நிறைந்து கிடக்கிறது. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனதை மறந்திருக்கமாட்டீர்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. கோடைமழை சொல்லிக்கொண்டு வராது. இந்த வாரமே சல்லியையும் மணலையும் வாரியெடுத்துக் கழுவிக் காயவைத்து, குழாய் வாயில் ஒரு வலையைக் கட்டி, தொட்டியை மூடிவையுங்கள்.