புரோட்டீன் பொடி வாங்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள செல்வத்துக்கு,

'சுகர் இருக்கிறவன் புரோட்டீன் பவுடர் சாப்பிடலாமா அக்கா, உடம்பு இளைச்சுக்கிட்டே போகுது' என்று கேட்டிருக்கிறாய். சாப்பிடலாம், கூடாது என்று ஒரே வார்த்தையில் சொன்னால் உனக்கு வசதிதான். ஆனால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

முதலில் நீ ஏன் இளைக்கிறாய்? சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்துக் கரைக்கும். மூன்று மாதச் சராசரி, அந்த ஹெச்பிஏ1சி, எவ்வளவு என்று நீ எழுதவே இல்லையே? மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டு பொடியைக் கரைத்துக் குடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

பொடிக்கு முன் கிட்னியைப் பார் என்றால், 'கிரியாட்டினின் நார்மல்தான், கிட்னிக்கு ஒன்றுமில்லை' என்பாய். உன்னை மாதிரி ஆட்கள் பெரும்பாலும் ஏமாறுகிற இடமே அதுதான். சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட ஆரம்பித்தால் வழக்கமாக முதலில் சிறுநீரில் ஆல்புமின் கசியும். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவது அதற்கு வெகுநாள் கழித்து. லேபில் போய் 'யூரின் மைக்ரோ ஆல்புமின்' என்று கேள். கிரியாட்டினினோடு சேர்த்துக் கணக்குப் போட்டு ஓர் எண் தருவார்கள், அது 30க்குக் கீழே இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். ஏறியிருந்தால் பொடிப் பேச்சையே எடுக்காதே. எவ்வளவு புரதம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் உன் சாப்பாட்டுத் தட்டுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன கணக்குப்படி எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். உன் 70 கிலோவுக்கு 58 கிராம். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மீனில் 20 பக்கம், ஒரு கை கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் 6. செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாதே என்கிறாயா? 30 கிராம் மீல்மேக்கரில் 15 கிராம் இருக்கிறது. மிச்சத்துக்குப் பருப்பும் தயிரும். ஆனால் மேலே தெளிந்து நிற்கிற சாம்பாரை ஊற்றிக்கொண்டு 'பருப்பு சாப்பிட்டேன்' என்று கணக்கு எழுதாதே. கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கிளறி ஊற்றிக்கொள்.

இன்னொன்று. நீ செய்யப்போகிற தப்பு எனக்குத் தெரியும்: சோற்றைக் குறைக்காமல் சுண்டலைக் கூடுதலாகச் சேர்ப்பாய். சுண்டலிலும் மாவுச்சத்து இருக்கிறது, ராஜா. முதலில் பொரியலும் சுண்டலும் மீனும், கடைசியில் கொஞ்சம் சோறு என்று சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை அவ்வளவாக ஏறாது.

இவ்வளவுக்குப் பிறகும் டப்பாதான் வேண்டும் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்கு. முன்பக்கத்தில் 'டயாபெட்டிக்' என்று போட்டிருப்பதை நம்பாதே, பின்பக்கம் படி. சேர்த்த பொருள்களில் எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். அங்கே 'மால்டோடெக்ஸ்ட்ரின்' இருந்தால், சர்க்கரை சேர்க்கவில்லை என்று எழுதியிருந்தாலும் உன் ரத்தத்தில் அது சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும். நூறு கிராமில் புரதம் எவ்வளவு என்று பார். 'வே ஐசொலேட்' என்கிற நல்ல பால் புரதப் பொடியில் 80க்கு மேல் இருக்கும். 'சத்து பானம்' என்று விற்கிற பலவற்றில் 20 பக்கம்தான். விலையை மட்டும் கூசாமல் போடுவார்கள்.

ராத்திரி டிபனுக்குப் பதிலாகப் பொடி குடிக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். நீ போடுவது கிளிமிபிரைடு. அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்த்தால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை நடுங்க எழுந்து உட்காருவாய். தசை ஏற வேண்டுமானால் அதற்கு வேலை கொடு. வெறும் நடை போதாது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கு.

கடையில் சலுகை முடிகிறதாமே, முடியட்டும். இந்த வாரத்துக்குள் யூரின் டெஸ்டைக் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி, எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அக்கா