முடிந்தது என்று சொல்ல ஒரு வேலை

அலுவலகத்தில் பத்து வருடம் கழித்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்: "போன மாதம் நீங்கள் முழுசாக முடித்த வேலை எது?" பெரும்பாலும் உடனே பதில் வராது. மின்னஞ்சல்கள் போயிருக்கும், கூட்டங்கள் நடந்திருக்கும், ஒரே அறிக்கை மூன்று முறை திருத்தப்பட்டிருக்கும். உழைத்தது உண்மைதான். ஆனால் கையால் தொட்டு, "இதை நான் செய்தேன், இது முடிந்தது" என்று காட்ட ஒன்றும் இருக்காது. வேலைச் சலிப்புக்குச் சம்பளத்தையும் மேலதிகாரியையும் காரணம் சொல்கிறோம். செய்த வேலையின் முடிவு கண்ணில் படாததும் ஒரு பெரிய காரணம்.

எனக்கு அந்தச் சலிப்பு முற்றிய வருடம், ஒரு பழைய சைக்கிளை வீட்டு வராந்தாவில் போட்டு அக்கக்காகக் கழற்றித் திரும்பக் கட்டினேன். நான்கு வாரக் கடைசிகள் ஆயின. அதன் பிறகு அலுவலக வேலையையே வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். அதனால்தான் வேலை பிடிக்கவில்லை என்று வருகிறவர்களிடம் இதைச் சொல்கிறேன்: ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் ஒரு சைக்கிள் கட்டுங்கள்.

ஏன் சைக்கிள்?

சைக்கிளில் ஒளிவுமறைவு குறைவு. எந்தப் பாகம் எதை இழுக்கிறது, எது எதில் உரசுகிறது என்பதைக் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். தப்பாகப் பூட்டினால் அதுவே சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். சரியாகப் பூட்டினால் சத்தமே இருக்காது. உங்கள் வேலைக்கு மதிப்பெண் போட இன்னொருவர் தேவையில்லை.

நம் கையால் செய்த பொருளின் மேல் நமக்குத் தனிப் பிடிப்பு வருவதை 2012இல் ஹார்வர்டு வணிகக் கல்லூரியின் மைக்கேல் நார்ட்டனும் அவருடைய கூட்டாளிகளும் ஆய்வாக வெளியிட்டார்கள். தாங்களே பூட்டிய பெட்டிக்கும் மடித்த காகிதப் பொம்மைக்கும் மக்கள் கூடுதல் விலை கொடுக்க முன்வந்தார்கள். அந்த ஆய்வில் நமக்கு வேண்டிய பகுதி இன்னொன்று: பாதியில் விட்டவர்களுக்கும், செய்ததைக் கலைத்தவர்களுக்கும் அந்தப் பிடிப்பு வரவில்லை. ஆகவே முதல் விதி இதுதான். உங்களால் முடிக்கக்கூடிய சைக்கிளாகப் பார்த்து எடுங்கள்.

எதில் தொடங்குவது?

விலை உயர்ந்த கியர் சைக்கிளில் கை வைக்காதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் வீட்டு ஓரத்தில் துருப்பிடித்து நிற்கிறதா? அதுவே போதும். இல்லையென்றால் காயலாங்கடையில் ஒரு பழைய பிரேம் கிடைக்கும். வாங்கும் முன் குழாய்கள் சேரும் இடங்களைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். துரு இருந்தால் தேய்த்துக்கொள்ளலாம். விரிசல் தெரிந்தால் அந்தப் பிரேம் வேண்டாம்.

கருவிகளும் அதிகம் வேண்டாம். 8 முதல் 17 வரை ஸ்பேனர்கள், சக்கர அச்சில் இருக்கும் கோனைப் பிடிக்க மெல்லிய ஸ்பேனர் ஒன்று, கம்பி முறுக்கும் நிப்பிள் சாவி, திருப்புளி, சுத்தியல், கிரீஸ், கொஞ்சம் மண்ணெண்ணெய். சென்னையில் இருப்பவர்கள் உதிரி பாகங்களுக்கு ரத்தன் பஜாருக்கு ஒரு நடை போய் வரலாம். மற்ற ஊர்களில் பழைய சைக்கிள் கடைக்காரரைக் கேட்டாலே வழி சொல்வார்.

முதல் வாரம்: பிரிப்பது

பிரிப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் நட்டு, வாஷரையும் தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதுங்கள். இந்த ஒழுங்கைப் பிடித்தால் கடைசி வாரத்தில் "இது எங்கே இருந்தது?" என்று தலையில் கை வைக்க வேண்டியிருக்காது.

இரண்டு இடங்களில் மரை தலைகீழாக இருக்கும். இடப்பக்கப் பெடலை வழக்கத்துக்கு மாறாக, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழறும். பெடல்கள் மாட்டியிருக்கும் கிராங்கின் அச்சைத் தாங்கும் பிரேம் குழாயில், செயின் இருக்கும் வலப்பக்கக் கப்பும் அப்படித்தான். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தெரியாமல் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். எது அசைய மறுக்கிறதோ அங்கே பலத்தைக் கூட்டுவதற்கு முன் திசையைச் சரிபாருங்கள்.

பழைய கிராங்கில், அதை அச்சோடு பூட்டும் காட்டர் பின் இருக்கும். நட்டை முழுவதும் எடுத்துவிட்டு அடித்தால் மரை நசுங்கும். நட்டை மரையின் நுனிவரை தளர்த்தி விட்டு, கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே போடாகப் போடுங்கள்.

இரண்டாம் வாரம்: பால்ரஸ்

சக்கரத்தின் நடுவில் இருக்கும் இரும்புக் குண்டுகளை எண்ணிக்கொண்டு எடுங்கள். நம்மூர்ப் பழைய சைக்கிளில் முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10 சிறிய குண்டும், பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9 பெரிய குண்டும் இருப்பது வழக்கம். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டுப் பாருங்கள். பளபளப்பு போயிருந்தாலோ சொறி தெரிந்தாலோ அத்தனையையும் மாற்றுங்கள். பழசும் புதுசும் கலந்தால் பாரம் சமமாக விழாது. கப்பில் கிரீஸைத் தாராளமாக வைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதியுங்கள். கடைசிக் குண்டைத் திணித்துத்தான் வைக்க முடியும் என்றால் அது கூடுதல்.

அடுத்தது கோனை முறுக்குவது. இறுக்கினால் சக்கரம் கரகரக்கும், தளர்ந்தால் பக்கவாட்டில் ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பூட்டு நட்டை முறுக்கினால், கோனும் கூடவே கொஞ்சம் நகர்ந்துவிடும். திரும்பத் தளர்த்தி, திரும்ப முறுக்க வேண்டும். எனக்கு முதல் தடவை ஒரு மணி நேரம் ஆனது. சரியாக அமைந்ததா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. டயரும் ட்யூபும் மாட்டிய முன்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்து, மெதுவாகத் தள்ளிவிடுங்கள். சக்கரம் ஓய்ந்து நிற்கப்போகும் நேரத்தில், காற்றடிக்கும் வால்வின் எடையே அதைக் கீழே இழுக்கும். சக்கரம் இப்படியும் அப்படியும் ஊசலாடி நிற்கும். அவ்வளவு சின்ன எடைக்கும் அது அசைந்துகொடுக்கிறதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் எந்தப் பாராட்டுக் கடிதத்திலும் எனக்கு வந்ததில்லை.

மூன்றாம் வாரம்: பெண்டு எடுப்பது

சைக்கிள் வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. பழைய கறுப்பு சைக்கிளின் முன்சக்கரத்தில் 32 கம்பிகள். பாரம் அதிகம் தாங்கும் பின்சக்கரத்தில் 40. ரிம் நேராக நிற்பது இத்தனை கம்பிகளும் இரண்டு பக்கமும் சமமாக இழுப்பதால்தான்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். எங்கே கோடு விழுகிறதோ அங்கே ரிம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. வலப்பக்கம் சாய்ந்திருந்தால், அந்த இடத்தில் இடப்பக்கத்திலிருந்து வரும் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். நிப்பிளை டயர் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் வழக்கமான திருகு திசை. நடுவிலிருந்து பார்த்தால் தலைகீழ். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

நானும் தடுமாறினேன். ராத்திரி பதினோரு மணிக்கு, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஏழெட்டுக் கம்பிகளை ஒரே மூச்சில் முழுச் சுற்றாக முறுக்கினேன். சக்கரம் எட்டுப் போட்டுவிட்டது. மறுநாள் காலை அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனைச் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், கேலி செய்யவில்லை. விரலால் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டினார். சில கம்பிகள் வீணைத் தந்தி மாதிரி விண்ணென்றன, சில தொளதொளவென்று கிடந்தன.

"எல்லாத்தையும் தளத்தி முதல்லேர்ந்து வாங்க தம்பி. கால் சுத்துதான். சுத்திப் பாருங்க. அப்புறம் அடுத்த கம்பி."

"எவ்ளோ நேரம் ஆகும்ண்ணே?"

"அது சக்கரத்தைக் கேளுங்க."

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடி செய்தேன். ஒரு கால் சுற்று, ஒரு சுழற்சி, ஒரு பார்வை. மதியத்துக்குள் சாக்பீஸ் கோடு அகலம் குறைந்து, விட்டுவிட்டு விழுந்து, கடைசியில் ரிம் முழுக்க ஒரே மெல்லிய தீற்றலாக ஓடியது. ஒரே பக்கத்துக் கம்பிகளைச் சுண்டிப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே சுருதி.

நான்காம் வாரம்: பூட்டுவதும் பதம் பார்ப்பதும்

காட்டர் பின்களை ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் மாட்டுங்கள். ஒரே திசையில் மாட்டினால் இரண்டு பெடலும் நேர்க்கோட்டில் நிற்காது.

செயினை அளந்து பாருங்கள். புதுச் செயினில் 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும். மாட்டிய பின் செயினின் நடுவில் விரல் வைத்து அழுத்தினால் அரை அங்குலம் ஏறி இறங்க வேண்டும். எண்ணெய் விட்ட பின் வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் புழுதி ஒட்டும்.

பதம் பார்ப்பது என்பது உங்கள் உடம்புக்கும் உங்கள் தெருவுக்கும் வண்டியை ஒத்துப்போக வைப்பது. கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளும்படி சீட்டை உயர்த்துங்கள். முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், 28 அங்குலச் சக்கரம் பெடலின் ஒரு சுற்றுக்குச் சுமார் ஐந்தரை மீட்டர் போகும். உங்கள் வழியில் மேம்பாலம் இருந்தால் பின்னால் 20 பல் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 4.9 மீட்டர்தான், ஆனால் மூச்சு வாங்காது. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் காற்றடியுங்கள். ரோட்டில் இறங்கும் முன் இரண்டு பிரேக்கையும் வண்டியைத் தள்ளிக்கொண்டே பிடித்துப் பாருங்கள். இதை ஒரு நாளும் விடாதீர்கள்.

திங்கட்கிழமைக்கு எடுத்துப் போங்கள்

மூன்று பழக்கங்கள் என்னோடு அலுவலகத்துக்கு வந்தன.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒரு கோளாறுக்கு ஐந்து திருத்தம் ஒன்றாகப் போட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. இன்று என் குழுவில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

முடிவை முதலிலேயே வரைந்துகொள்வது. "சாக்பீஸ் கோடு சமமாக விழ வேண்டும்" என்பது மாதிரி, ஒவ்வொரு வேலைக்கும் எது நடந்தால் முடிந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். மாதக் கடைசியில் அந்த வரிகளை எண்ண முடிகிறது.

தெரிந்தவரிடம் போவது. பின்சக்கரத்தின் பற்சக்கரமான பிரீவீலைக் கழற்ற அதற்கென்றே கருவி வேண்டும். என்னிடம் இல்லை, கடையில் கொடுத்தேன். சக்கரம் எட்டானபோதும் அந்தக் கடைக்குத்தான் போனேன். கேட்டதால் மதிப்புக் குறையவில்லை, இரண்டு நாள் மிச்சமானது.

இதையே தொழிலாக்க நினைத்தால்

சிலருக்கு இந்த ருசி பிடித்துவிடும். நல்லதுதான். ஆனால் உடனே கடை போடாதீர்கள். முதலில் உறவினர், நண்பர்களின் சைக்கிள் பத்தைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தையும் செலவையும் குறித்து வையுங்கள். அனுபவமுள்ள கடைக்காரர் ஒருவரிடம் சில ஞாயிற்றுக்கிழமைகள் உடன் நின்று வேலை பாருங்கள். கியர், டிஸ்க் பிரேக் வேலையை அதற்குப் பிறகு கற்றுக்கொள்ளுங்கள்.

இந்தக் கைவேலையைச் சின்னதாக நினைக்க வேண்டாம். ரைட் சகோதரர்கள் 1892இல் டேட்டன் நகரில் திறந்தது சைக்கிள் கடை. 1896 முதல் சொந்தமாகச் சைக்கிள் செய்து விற்றார்கள். 1903இல் பறந்த அவர்களுடைய விமானத்தின் விசிறிகளைச் சுழற்றியது செயினும் பற்சக்கரமும்தான். அதன் இன்ஜினைச் செய்தவர் சார்லி டெய்லர், அந்தக் கடையில் 1901இல் வேலைக்குச் சேர்ந்த மெக்கானிக்.

நீங்கள் விமானம் செய்ய வேண்டாம். இந்தச் சனிக்கிழமை ஒரு சக்கரத்தைக் கழற்றுங்கள். நான்காவது ஞாயிறு அந்தி சாய்கிற நேரத்தில், நீங்கள் கட்டிய வண்டியில் தெருக்கோடிவரை மிதித்துவிட்டு, ஒரு நிமிஷம் மிதிப்பதை நிறுத்துங்கள். பிரீவீலின் கிரிகிரி மட்டும் கேட்கும். வேறு எந்தப் பாகமும் சத்தம் போடாது. போன மாதம் நீங்கள் முழுசாக முடித்த வேலை எது என்று யாராவது கேட்டால், இனி யோசிக்க வேண்டியிருக்காது.