இணையதளச் சான்றிதழும் அதன் பழுதுகளும்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இன்று தமக்கென இணையதளங்களை அமைத்துக்கொண்டு வருகின்றன. விளைபொருளின் விலையை அறிவிக்கவும், உறுப்பினர்களைப் பதிவு செய்யவும், பணம் பெறவும் இவை பயன்படுகின்றன. இத்தகைய தளத்தைத் திறக்கும்போது சில வேளைகளில், இணைப்பு பாதுகாப்பானதாக இல்லை என்ற எச்சரிக்கை திரையில் தோன்றுவதுண்டு. “பரவாயில்லை, கீழே உள்ளதை அழுத்தி மேலே செல்லுங்கள்” என்று உறுப்பினர்களுக்கு யோசனை கூறுவது எளிது. ஆனால் அவ்வாறு பழகிய உழவர், நாளை ஒரு மோசடிக்காரர் தம்மை வழிமறிக்கும்போதும் அதே பொத்தானை அழுத்துவார். தமது வங்கிக் கணக்கு எண்ணையும் கடவுச்சொல்லையும் அங்கே கொடுப்பார். ஆகவே எச்சரிக்கையின் காரணத்தைக் கண்டு நீக்குவதே முறையாகும். அம்முறையை இக்கட்டுரையில் காண்போம்.

சான்றிதழ் என்பது யாது?

சந்தையில் பயன்படும் எடைக்கல்லில் அரசாங்க முத்திரை இருப்பதை அனைவரும் அறிவர். அம்முத்திரையைக் குறித்த காலத்திற்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் அத்தகையதே. “இந்தப் பெயருக்கு உரிய சர்வர் இதுவே” என்று, உலாவிகள் ஏற்றுக்கொண்ட ஒரு சான்றளிக்கும் நிறுவனம் உறுதி கூறுகிறது. அதன் துணைகொண்டு, நமது தொலைபேசிக்கும் சர்வருக்கும் இடையே செல்லும் செய்திகள் பிறர் படிக்க இயலாதவாறு மறைகுறியாக்கப்படுகின்றன.

ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சான்றிதழ் தளத்தின் பெயரை மட்டுமே உறுதி செய்கிறது. தளத்தை நடத்துபவரின் நேர்மைக்கு அது பொறுப்பேற்பதில்லை. மோசடித் தளத்திற்கும் சான்றிதழ் கிடைக்கக்கூடும். எனவே முகவரியை எழுத்துக்கு எழுத்து படித்துப் பார்க்கும் வழக்கமும் அவசியம்.

எச்சரிக்கையின் மதிப்பை விளக்க ஓர் உண்மை நிகழ்ச்சி போதும். 2011-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் டிஜிநோட்டார் என்ற சான்றளிக்கும் நிறுவனத்தின் கணினிகளுக்குள் அந்நியர் புகுந்து, கூகுள் உள்ளிட்ட பல பெயர்களுக்குப் பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கினர். ஈரான் நாட்டு மக்களின் மின்னஞ்சலை ஒட்டுக்கேட்க அவை பயன்பட்டன. அந்நாட்டில் ஒருவர், தமது குரோம் உலாவி காட்டிய எச்சரிக்கையை அலட்சியம் செய்யாமல் வெளியே அறிவித்தார், மோசடி அம்பலமாயிற்று. உலாவிகள் அந்நிறுவனத்தின் மீதிருந்த நம்பிக்கையை விலக்கிக்கொண்டன. அதே ஆண்டு செப்டம்பரில் அது திவாலாயிற்று.

பிராக்ஸி என்பது யாது?

ஏரி நீர் நேராக வயலுக்கு வருவதில்லை. மதகின் வழியாகவே வருகிறது. அதுபோலவே பல தளங்களில், வெளியிலிருந்து வரும் வேண்டுகோளை முதலில் ஒரு முன்னிலைச் சர்வர் பெற்று, உள்ளே இயங்கும் செயலிக்கு அனுப்பி, அதன் விடையை வாங்கித் தருகிறது. இதற்கு ரிவர்ஸ் பிராக்ஸி என்று பெயர். என்ஜின்எக்ஸ், அப்பாச்சி ஆகிய மென்பொருள்கள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. சான்றிதழ் பெரும்பாலும் இம்முன்னிலைச் சர்வரிலேயே வைக்கப்படுகிறது. வயலில் நீர் வராதபோது ஏரி வறண்டதா, மதகு அடைத்ததா, வாய்க்கால் உடைந்ததா என்று வரிசையாகப் பார்க்கிறோம். இங்கும் அவ்வாறே பார்த்தல் வேண்டும்.

அடிக்கடி நேரும் பழுதுகள்

1. காலம் முடிந்துவிடுதல்: மிகப் பெரும்பாலும் காணப்படும் பழுது இதுவே. 2020 செப்டம்பர் முதல் ஒரு சான்றிதழின் ஆயுள் 398 நாட்களுக்கு மேற்படலாகாது என்ற விதி வந்தது. உலாவி நிறுவனங்களும் சான்றளிக்கும் நிறுவனங்களும் கூடிய மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, இவ்வுச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள் என்று படிப்படியாகக் குறைகிறது. ஆண்டுக்கு ஒருமுறை கையால் புதுப்பிக்கும் வழக்கம் இனி உதவாது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வேண்டும். இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், காலம் முடியப்போவதாக மின்னஞ்சலில் நினைவூட்டும் வழக்கத்தை 2025 ஜூன் மாதத்தில் நிறுத்திவிட்டது என்பதும் கவனிக்கத்தக்கது.

2. புதுப்பித்தும் பழையதே தெரிதல்: புதிய சான்றிதழ் வட்டில் வந்து சேர்ந்தும், சர்வர் தன் நினைவில் உள்ள பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். அமைப்புகளை மீண்டும் ஏற்றினால் இது தீரும். புதுப்பித்தவுடன் இவ்வேலையும் தானாக நடைபெறுமாறு அமைத்தல் நலம்.

3. புதுப்பித்தல் தடைப்படுதல்: சான்றளிக்கும் நிறுவனம், தளம் நம்முடையதா என்று சோதிக்க 80-ஆம் எண் போர்ட் வழியாக ஒரு சிறு கோப்பைக் கேட்பது ஒரு முறை. ஃபயர்வால் அந்த வழியை மூடியிருந்தாலும், பிராக்ஸி அவ்வேண்டுகோளை உள்செயலிக்குத் திருப்பிவிட்டாலும் சோதனை தோல்வியுறும்.

4. பெயர் பொருந்தாமை: ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ என்ற முன்னொட்டு உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் இரு வேறு பெயர்களாகும். சான்றிதழில் இரண்டும் இடம்பெற வேண்டும்.

5. இடைச் சான்றிதழ் விடுபடுதல்: நமது சான்றிதழில் கையொப்பமிடுவது இடைச் சான்றிதழ், அதற்குக் கையொப்பமிடுவது உலாவி நம்பும் மூலச் சான்றிதழ். சர்வர் இடைச் சான்றிதழையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். அனுப்பாவிடில், அதனை முன்பே சேமித்துள்ள கணினியில் தளம் சரியாகத் திறக்கும். வேறொரு தொலைபேசியில் எச்சரிக்கை தோன்றும். “என் கணினியில் வருகிறதே” என்ற பதிலை இதனால்தான் ஏற்கலாகாது.

6. பிராக்ஸிப் பழுதுகள்: திரையில் 502 என்ற எண் தோன்றினால், பிராக்ஸிக்கு உள்செயலியிடமிருந்து முறையான விடை கிடைக்கவில்லை என்று பொருள். செயலி நின்றிருக்கலாம், அல்லது போர்ட் எண் தவறாக இருக்கலாம். 504 எனில், விடை குறித்த நேரத்திற்குள் வரவில்லை. தளம் திறவாமல் முடிவின்றித் திருப்பிவிடப்பட்டால், வந்தவர் பாதுகாப்பான வழியில்தான் வந்தார் என்பதைப் பிராக்ஸி செயலிக்குத் தெரிவிக்கவில்லை எனலாம். எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ என்னும் தலைப்புச் செய்தியைச் சேர்த்து, செயலி அதனை ஏற்குமாறு அமைத்தால் இது பெரும்பாலும் சரியாகும்.

சோதிக்கும் வரிசை

முதலாவது, எச்சரிக்கை ஒருவருக்கு மட்டுமா, அனைவருக்குமா என்று கேளுங்கள். ஒருவருக்கு மட்டுமெனில், அவரது கருவியில் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். கருவி சரியாயிருந்தும் எச்சரிக்கை நீடித்தால், வேறொரு இணைய இணைப்பில் முயன்று பாருங்கள்.

இரண்டாவது, உலாவியின் முகவரிப் பட்டியில் உள்ள குறியை அழுத்திச் சான்றிதழைத் திறந்து, பெயர், முடியும் தேதி, வழங்கிய நிறுவனம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சர்வரை நிர்வகிப்பவர் சர்வருக்குள்ளிருந்தே செயலியை நேராக அழைத்துப் பார்க்க வேண்டும். செயலி விடையளித்தால் பழுது பிராக்ஸியில். விடையளிக்காவிடில் பழுது செயலியில்.

நான்காவது, பிழைப் பதிவேட்டைப் படிக்க வேண்டும். காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.

ஐந்தாவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, அமைப்புக் கோப்பைச் சோதித்த பின்னரே ஏற்ற வேண்டும்.

நிர்வாகிகளின் கடமை

தளத்தை அமைப்பவர் வெளியாராக இருப்பினும் பொறுப்பு நம்முடையதே. சான்றிதழ் முடியும் தேதியையும், டொமைன் பெயர் முடியும் தேதியையும் அலுவலகப் பதிவேட்டில் எழுதி, கூட்டந்தோறும் பார்வையிடுங்கள். டொமைன் பெயர் நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாகியிருத்தல் வேண்டும். நிர்வாக உரிமை பொறுப்புள்ள இருவரிடமேனும் இருக்கட்டும். சான்றிதழுக்குரிய இரகசியத் திறவுகோலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பலாகாது. அது பிறர் கைக்குப் போயிருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தால், அச்சான்றிதழை ரத்துச் செய்து, புதிய திறவுகோலுடன் வேறு சான்றிதழ் பெற வேண்டும்.

பழுது நீங்கும் வரையில், தளத்தில் எவ்விவரமும் பதிய வேண்டாமென்று உறுப்பினர்களுக்கு அறிவித்து, அலுவலகத்தில் நேரில் பதியும் வசதியைச் செய்து கொடுங்கள். ஓரிரு நாள் தாமதம் பெரிய நஷ்டமாகாது. எச்சரிக்கையைக் கண்டதும் நின்று விசாரிக்கும் பழக்கம் ஒருமுறை கெட்டுவிட்டால், அதனை மீண்டும் உண்டாக்குவதுதான் கடினம்.