நம் ஏரிக்கரையில் கூதிர்காலம்



பாடநூலில் 'இலையுதிர்காலம்' என்று படிக்கிறோம். மேலை நாடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மரங்கள் பழுத்த இலைகளை உதிர்த்து நிற்கும் படங்களையும் காண்கிறோம். ஆனால் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் வாழும் நமக்கு அம்மாதங்களில் எந்த இலை உதிர்கிறது? தென்னையும் பனையும் அப்படியே நிற்கின்றன. கோடையில் காய்ந்து கிடந்த தரையிலும் புல் துளிர்க்கிறது.

நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப்படும். குளிர்ந்த காற்றும் மழையும் சேர்ந்து வரும் இதுவே நமக்குரிய பருவம். இதன் இயல்பையும், இக்காலத்தில் நம் இல்லங்கள் காணும் எளிய இன்பங்களையும் சற்றே சிந்திப்போம்.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி நமது திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. கோடையில் நீர் வற்றி உப்பு மிகுகிறது. கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடிடுகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. நிறைந்த ஏரி மணலை அறுத்துக்கொண்டு கடலோடு கலக்கிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் இந்த வழியாகவே உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் சென்று முட்டையிடுகின்றன. ஆகவே இன்று நம் கூரையை நனைக்கும் மழையே பின்வரும் மாதங்களில் நம் உலையில் அரிசியாகிறது.

மழையைத் தொடர்ந்து பூநாரைகளும் வந்து சேர்கின்றன. அவை தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி உண்ணும் அழகைக் கரையில் நின்றே காணலாம். பிறக்கும்போது சாம்பல் நிறமாயிருக்கும் அப்பறவை, தான் உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறப்பொருளால்தான் இளஞ்சிவப்பு நிறம் பெறுகிறது. இதனைத் தம்பி தங்கையருக்குக் காட்டி விளக்குவதற்குக் காசு தேவையில்லை.

இனி, வீட்டுக்குள் வருவோம். மற்ற நாட்களில் விடியுமுன் அப்பா தொழிலுக்குப் போய்விடுவார். நாம் பள்ளி முடிந்து வரும்போது களைத்து உறங்கிக்கொண்டிருப்பார். புயல் எச்சரிக்கை நாட்களிலோ அவர் திண்ணையிலமர்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார். நாம் நூல் எடுத்துக் கொடுக்கிறோம். அம்மா கோடையில் காயவைத்துப் பானையில் கட்டிவைத்த கருவாடு குழம்பாகக் கொதிக்கிறது. ஆயா வாடை, கொண்டல், தென்றல் என்று காற்றின் பெயர்களைச் சொல்லித் தருகிறார். பொழுது சாய்ந்தால் சோழி உருட்டித் தாயம் ஆடுகிறோம். வெளியே மழை, உள்ளே ஒரே விளக்கைச் சுற்றி முழுக் குடும்பம். இதைவிட வேறு விழா வேண்டுமோ?

ஆனால் ஓர் உண்மையை மறத்தலாகாது. அப்பா வீட்டிலிருக்கும் நாள் கூலியில்லா நாளாகும். இரண்டு நாள் கடந்தால் அரிசிப் பானை குறையும். நான்கு நாள் கடந்தால் கடன்காரர் நினைவு வரும். அப்போது, "காற்று கொஞ்சம் தணிந்திருக்கிறதே, ஒரு நடை போய் வந்தால் என்ன?" என்று அப்பாவின் மனம் அலைபாயும். இந்தக் காலத்து நீரை நம்பலாகாது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் நம் ஏரிப்பகுதியில் உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் மாவட்டத்தை எவ்வாறு வெள்ளக்காடாக்கியது என்பதையும் அறிவோம்.

அத்தகைய நாளில் வீட்டில் முகம் சுளித்தால், "புதுச் சட்டை வேண்டும், அது வேண்டும்" என்று நாம் நச்சரித்தால், அப்பாவின் கால் படகைத் தேடும். மாறாக, "அப்பா, இன்றைக்குப் போக வேண்டாம், இருப்பதைச் சாப்பிடுவோம்" என்று மகள் மலர்ந்த முகத்துடன் சொன்னால், அச்சொல்லே அவரைக் கரையில் நிறுத்தும். எளிய இன்பம் பொழுதுபோக்கு மட்டுமன்று. அது ஓர் உயிரைக் காக்கும் கயிறுமாகும்.

இதற்கான பயிற்சி நம் ஊரிலேயே உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊரார், ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைப் 'பாடு' என்னும் முறைப்படி பகிர்ந்துகொள்வது வழக்கம். இன்று ஒருவர் முறை, நாளை மற்றொருவர் முறை. நல்ல இடம் ஒருவருக்கே என்றும் சொந்தமில்லை. வீட்டிலும் இம்முறையைக் கைக்கொள்ளலாமே! அடுப்படியின் கதகதப்பான இடம் இன்று தங்கைக்கு, நாளை நமக்கு. குழம்பில் பெரிய துண்டு இன்று தாத்தாவுக்கு, நாளை அம்மாவுக்கு. எப்போதும் கடைசியில் உண்ணும் அம்மாவுக்கும் ஒரு முறை வரட்டும்.

ஆகவே தோழியரே, இக்கூதிர்காலத்தில் மூன்று காரியங்களைச் செய்வோம். கோடையிலேயே கருவாடும் சிறு பணமும் சேமித்து வைக்க அம்மாவுக்குத் துணை நிற்போம். வானொலியிலும் கைப்பேசியிலும் வரும் வானிலை அறிவிப்பைக் கேட்டு வீட்டாருக்கு எடுத்துச் சொல்வோம். இருப்பதைப் பகிர்ந்து, சிரித்த முகத்துடன் உண்போம். மேலை நாட்டு மரங்கள் இலைகளை உதிர்க்கட்டும். நாம் நம் வீண் ஆசைகளை உதிர்ப்போம். மழை ஓய்ந்து கடல் அமைதியுறும் நாளில், அப்பா பத்திரமாகப் படகை இறக்குவார்.